ஆறாவது பொட்டு

பெல்மதுளைச் சந்தியில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாக் கடைகளும் திறந்துவிட்டன. மூக்கையா ஸ்டோர்ஸ் மட்டும் ஒற்றைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்த ஆட்களை உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசிக்க வைத்தது.

கபூர் ஆட்டோவை வாசலில் நிறுத்தினான். வழக்கமாக இறங்கும்போதே ஒரு பகிடி விடுகிற ஆள். இன்றைக்கு வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். உள்ளே கலைச்செல்வி தன் உடுப்புகளை ஒரு சீனிச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள இது?"

"நாளைக்கு முப்பத்தொண்ணு முடிஞ்ச கையோட சாவியக் குடுத்துடணுமாம் நானா. சதீஸ் அண்ணன் ஆள் அனுப்பிச் சொல்லிட்டாங்க. கடைசி நேரத்துல சாமான் பொறுக்கிக்கிட்டு நிக்க ஏலாதே."

அழுதிருந்தால்கூடக் கபூருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. மடித்த சேலையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

மூக்கையா முதலாளி இறந்து நாளையோடு முப்பத்தொரு நாள். கொடகவெலப் பக்கத்துத் தோட்டமொன்றில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயமே புதைந்தபோது, தாயும் தகப்பனும் இல்லாமல் மிஞ்சிய மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கி வந்து வளர்த்தவர் அவர். அன்றிலிருந்து முப்பது வருடம் அவள் அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டாள்; இருந்தவரை அவர் மனைவியை அம்மா என்று. கடைசி மூன்றரை வருடம் அவருக்கு வலக்கையும் பேச்சும் விழுந்து கிடந்தபோது, கஞ்சி ஊட்டியதும் கழுவித் துடைத்ததும் அவள்தான். ஆனால் தத்தெடுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சட்டத்தின் கணக்கில் அவள் அந்தக் கடையில் பருப்பு நிறுத்துக் கொடுத்த ஒரு பெண், அவ்வளவுதான்.

அவளுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. 2018 ஜூலையில் முதலாளி நொத்தாரிஸ் முன்னால் எழுதி வைத்த மரண சாசனம், அதாவது உயில். கடையும் பின்னாலுள்ள வீடும் கலைச்செல்விக்கு என்று அதில் இருந்தது. அதற்கும் இப்போது வேட்டு. முதலாளியின் தம்பி மகன் சதீஸ், 2019 ஆகஸ்ட் தேதியிட்ட இன்னொரு மரண சாசனத்தோடு கொழும்பிலிருந்து வந்து இறங்கியிருக்கிறான். நொத்தாரிஸ் இல்லை, ஐந்து சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சட்டத்துக்கு அதுவே போதும். பிந்தி எழுதியது முந்தி எழுதியதை வெட்டிவிடும்.

இதில் கபூரின் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது வேறு விசயம். 2018இல் முதலாளியை நொத்தாரிஸிடம் கூட்டிப்போனது அவனுடைய ஆட்டோதான். அந்த நொத்தாரிஸ் நல்ல மனிதர்; "மரண சாசனத்த யாரும் பின்னால மாத்தி எழுதலாம். பேசாம நன்கொடை உறுதியா, இப்பவே கைமாறுற பத்திரமா எழுதிடுங்க. சாகும்வரைக்கும் அனுபவிக்கிற உரிமைய நீங்க வச்சுக்கலாம்" என்று எவ்வளவோ சொன்னார். கபூர்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "உசிரோட இருக்கும்போதே எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு ஒரு கோப்பை டீக்கு அந்தப் புள்ளக்கிட்டயே விண்ணப்பம் போடப் போறீங்களா மொதலாளி?" என்றான். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மரண சாசனம் எழுதினார். அந்தப் பகிடியின் விலை இப்போது ஒரு சீனிச் சாக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

"கபூர் நானா, வாசல மறைக்காம உள்ள வாங்க. வெளிச்சம் வேணும்."

கவுண்டருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தது இந்திராணி மிஸ். இருபத்தெட்டு வருடம் காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். தொலைந்த காணி உறுதிகளையும் தொலைந்த வாரிசுகளையும் கண்டுபிடித்துக் கொடுப்பது இப்போது அவருடைய தொழில். அந்தத் தொழிலுக்கு வாகனம், உதவியாள், வாய் மூன்றும் கபூர்.

"கையெழுத்து பொய்னு சொல்ல ஏலாதா மிஸ்?"

"சதீஸோட லோயர் முன்பக்கத்தப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காரு. மூக்கையா முதலாளியோட கையெழுத்தேதான். அவரோட உறுதிகள நான் எத்தன தரம் பதிஞ்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அப்போ சாட்சிங்க?"

"அஞ்சு பேரு. ரெண்டு பேரு செத்துட்டாங்க. ரெண்டு பேரு கட்டார்ல. மிச்சம் ஒருத்தரு சதீஸோட மச்சான்."

"செத்த ரெண்டு பேரயாவது விசாரிக்கலாம் மிஸ். அவங்கதான் பொய் சொல்ல மாட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. சதீஸின் சட்டத்தரணி அவர்களுக்குக் கொடுத்திருந்தது ஒரே ஒரு சந்தர்ப்பம். இன்று பதினொரு மணிக்கு இரத்தினபுரியில் அவருடைய அலுவலகத்துக்குப் போனால் மூலப் பத்திரத்தைப் பார்க்கலாம். நாளைக் காலை அது நீதிமன்றத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் வழக்காட வேண்டும். கலைச்செல்வியால் ஒரு மாதம்கூடத் தாங்க முடியாது.

இந்திராணி மிஸ் முதலாளியின் தகரப் பெட்டியைக் கவிழ்த்தார். உறுதிகள், வரிக் கடிதங்கள், அனுமதிப் பத்திரங்கள், எல்லாம் மூன்றாக மடித்தவை. ஒன்றைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். அப்புறம் எல்லாவற்றையும் திருப்பினார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் வரிசையாக மஞ்சள் வட்டங்கள், நடுவில் மங்கிய சிவப்பு.

"இது என்ன கறை?"

"கறை இல்லீங்க அக்கா, பொட்டு" என்றாள் கலைச்செல்வி. "சரஸ்வதி பூசைக்கு அப்பா பெட்டியில உள்ள அத்தன காகிதத்தையும் சாமி முன்னுக்கு அடுக்கிருவாரு. விஜயதசமி அண்ணைக்கு ஒவ்வொண்ணுலயும் ஒரு சந்தனப் பொட்டு, நடுவுல குங்குமம். பழசு மேல வைக்க மாட்டாரு, பக்கத்துல வைப்பாரு. காகிதத்துக்கும் வயசு தெரியணும்பாரு. கை விழுந்ததுக்கப்புறம் நான் வச்சேன். அவரு கட்டில்ல இருந்து பாத்துக்கிட்டு இருப்பாரு."

"வருசா வருசம் காகிதத்துக்கெல்லாம் பர்த்டே கொண்டாடியிருக்காரு மனுசன்" என்றான் கபூர்.

இந்திராணி மிஸ்ஸின் கண்கள் ஒரு தரம் சுருங்கி விரிந்தன. அந்தச் சுருக்கத்தைக் கபூருக்குப் பத்து வருடமாகத் தெரியும்.

அவர் கைப்பையிலிருந்து சட்டத்தரணியின் கடிதத்தை எடுத்து உரக்க வாசித்தார். "மேற்படி மரண சாசனம் எழுதப்பட்ட நாள் தொடக்கம் காலஞ்சென்றவரின் தகரப் பெட்டியில் ஏனைய உறுதிகளுடன் இருந்து, இவ்வருடம் ஜூன் மாதம் அவரால் எமது கட்சிக்காரரிடம் கையளிக்கப்பட்டது." கடிதத்தை மடித்தார். "ஜூன்ல சதீஸ் வந்தாரா?"

"வந்தாங்க. அப்பா பக்கத்துல பெட்டியத் திறந்து வச்சுக்கிட்டு அரை மணித்தியாலம் இருந்தாங்க. நான் கடையில நின்னேன். அப்படியொரு காகிதம் பெட்டியில இருந்ததே இல்ல அக்கா. நான்தானே பொட்டு வைக்கிறது, எனக்குத் தெரியாதா? ஆனா சொன்னா யாரு நம்புவா? கடை கைய விட்டுப் போற ஆளு வேற எப்படிப் பேசும்னு கேப்பாங்க."

"நீ பேச வேணாம். பொட்டு பேசும்" என்றார் இந்திராணி மிஸ். "ஆறு வருசம் இந்தப் பெட்டியில கெடந்த காகிதம்னா அதுல பொட்டு இருக்கணும். பொட்டு இல்லாட்டி அது இந்தப் பெட்டிய எட்டிக்கூடப் பாத்ததில்ல."

"அல்லாவே!" என்று கபூர் கவுண்டரில் ஒரு அடி அடித்தான். பருப்பு டின்கள் அதிர்ந்தன. ஒரு மாதத்தில் முதல் தடவையாகக் கலைச்செல்வியின் முகத்தில் ரத்தம் ஓடியது.

மிஸ் 2018 மரண சாசனத்தைக் கைப்பையில் வைத்தார். அத்தோடு இன்னொரு காகிதத்தையும் கட்டிலிருந்து உருவினார். கடைக்குப் புதுக் கூரை போட 2019இல் பிரதேச சபை கொடுத்த அனுமதிக் கடிதம்.

"இது எதுக்கு மிஸ்?"

"ஒரே வருசத்துல பொறந்த காகிதம். பக்கத்துல வச்சுப் பாக்கத்தான்."

இரத்தினபுரி வரைக்கும் மழை விடவில்லை. வளைவு வளைவாகத் தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று முன்னால் ஊர்ந்தது. கபூர் ஹோர்ன் அடித்த அடியில் அந்த ட்ரைவர் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் ஏதோ திட்டினான். கபூர் அதே சிங்களத்தில் அவனுடைய லொறிக்கு நீண்ட ஆயுளை வேண்டினான். பின்னால் கலைச்செல்வி சாவிக்கொத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு சாவியாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்த பிறகு அவன் ஹோர்ன் அடிக்கவில்லை.

சட்டத்தரணி கேதீசன் யாழ்ப்பாணத்துக்காரர்; இரத்தினபுரிக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. மெலிந்த மனிதர், சுத்தமான மேசை. அவருக்குப் பக்கத்துக் கதிரையில் சதீஸ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். கலைச்செல்வியைப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கே கபூருக்கு அவனை ஒரு தள்ளுத் தள்ள வேண்டும் போலிருந்தது.

"இருங்கோ" என்றார் கேதீசன். "பாக்கிறதெண்டா பாக்கலாம். தொடக்கூடாது."

அவர் கோப்பைத் திறந்தார். முன்பக்கத்தில் தட்டச்சு வரிகள், கீழே மூக்கையா முதலாளியின் கையெழுத்து. சந்தேகமே இல்லை. அந்த 'மூ'வின் சுழியைப் பெல்மதுளையில் பாதிப் பேருக்குத் தெரியும்.

"பின்பக்கத்தையும் கொஞ்சம் திருப்புங்க சேர்" என்றார் இந்திராணி மிஸ்.

கேதீசன் ஒரு விரலால் தாளைப் புரட்டினார்.

மஞ்சள் வட்டங்கள். நடுவில் மங்கிய சிவப்பு. வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு.

கபூர் சுவரைப் பிடித்துக்கொண்டான். முடிந்தது. எல்லாம் முடிந்தது. ஏழு வருடத்துக்கு முந்திய ஒரு டீக்கோப்பைப் பகிடியால் ஒரு பெண்ணை நடுத்தெருவில் விட்டாகிவிட்டது.

சதீஸ் சிரித்தான். "பொட்டத் தேடித்தானே வந்தீங்க? நானும் அந்தக் கடையில வளந்தவன்தான் மிஸ். பெரியப்பா வருசா வருசம் வைக்கிற பொட்டு. பத்தொன்பதுல இருந்து இருபத்து நாலு வரைக்கும் ஆறு விஜயதசமி. எண்ணிப் பாத்துக்கங்க."

கலைச்செல்வி எழுந்தாள். மேசைக்குப் போய்ச் சாவிக்கொத்தைச் சத்தமில்லாமல் வைத்தாள். "நாளைக்கு முப்பத்தொண்ணு முடியட்டும்ணே. படையல் போட்டுட்டுப் போயிடுறேன். அதுக்கு மட்டும் விடுங்க."

அதைக் கேட்கக் கபூரால் முடியவில்லை. முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அதுக்கென்ன, தாராளமா" என்றான் சதீஸ். கை சாவியின் பக்கம் நகர்ந்தது.

"ஒரு நிமிசம்" என்றார் இந்திராணி மிஸ். குரலில் பதற்றமே இல்லை. "சதீஸ் தம்பி, நீங்க சொன்னத நான் சரியா வெளங்கிக்கிட்டேனான்னு சொல்லுங்க. இந்தக் காகிதம் எழுதின நாள்ல இருந்து அந்தப் பெட்டியவிட்டு எங்கயும் போகல?"

"போகல."

"பெட்டியில இருந்த மத்தக் காகிதத்துக்கு வச்ச அதே பொட்டுத்தான் இதுக்கும்?"

"அதே பொட்டு, அதே நாள். எழுதி வேணும்னாலும் தாறேன்."

"வேணாம், சேர் கேட்டுக்கிட்டு இருக்காரு." அவர் கைப்பையைத் திறந்து கலைச்செல்வியின் மரண சாசனத்தை மேசையில் வைத்தார், பின்பக்கம் தெரியும்படி. "கபூர் நானா, இங்க வாங்க. இதுல எத்தன பொட்டு?"

இதற்கு மேல் எண்ணி என்ன ஆகப் போகிறது? கபூர் குனிந்தான். "ஆறு மிஸ்."

"அதுல?"

"அதுலயும் ஆறு. ரெண்டும் ஒண்ணுதான். நம்ம கதை முடிஞ்சி மிஸ், வாங்க போவம்."

"இது எந்த வருசத்துக் காகிதம்?"

"ரெண்டாயிரத்துப் பதினெட்டு ஜூலை. நான்தானே ஓட்டிக்கிட்டுப் போனேன்."

"அது?"

"பத்தொன்..." கபூர் நிறுத்தினான். இடக்கையில் ஒரு தரம் எண்ணினான். வலக்கையில் எண்ணினான். பத்தொன்பதிலிருந்து எண்ணினால் ஆறு. பதினெட்டிலிருந்து எண்ணினால் ஏழு வர வேண்டும். "மிஸ், ஒரு வயசு மூத்த பிள்ளைக்கும் இளையதுக்கும் ஒரே வயசு வந்திருக்கே!"

"அதத்தான் நானும் பாக்குறேன்."

சதீஸின் கால் தரைக்கு இறங்கியது. "பெரியப்பா அந்த வருசம் இவளோடதுல வைக்க மறந்திருப்பாரு. ஒரு காகிதத்துல ஒண்ணு கூடும் கொறையும். இதெல்லாம் ஒரு சாட்சியா?"

"அப்படியும் இருக்கலாம்." மிஸ் பிரதேச சபைக் கடிதத்தை எடுத்து மூன்றாவதாக வைத்தார். "இது உங்க காகிதத்தோட கூடப் பொறந்தது. 2019 ஜூலை. சேரே எண்ணட்டும்."

கேதீசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பேனா முனையால் காற்றில் எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார். "அஞ்சு."

"இதுலயும் ஒண்ணு குறைவு. அப்போ மறதி இல்ல சேர். ஏதோ ஒரு வருசம் அந்தக் கடையில எந்தக் காகிதத்துக்கும் பொட்டு விழல. இவரோட காகிதத்துக்கு மட்டும் விழுந்திருக்கு." இந்திராணி மிஸ் திரும்பினார். "கலைச்செல்வி, எந்த வருசம்மா பூசை நடக்கல?"

கலைச்செல்வி அந்தக் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் அடக்கி வைத்தது அப்போதுதான் உடைந்தது.

"அம்மா செத்த வருசங்க அக்கா. இருபத்தொண்ணு. ஆகஸ்ட்ல அம்மா போயிட்டாங்க, அக்டோபர்ல விஜயதசமி. ஒரு வருசத்துக்கு நல்ல நாள் பெரிய நாள் கெடையாதேன்னு அப்பா பெட்டியத் திறக்கவே இல்ல. சாமி விளக்குகூட ஏத்தல. அம்மா படத்துக்கு முன்னால மட்டும் உக்காந்திருந்தாரு."

சதீஸின் முகம் வெளுத்துப்போனது. அந்தச் சாவுக்கு அவன் வரவில்லை என்பது கபூருக்கு நன்றாகத் தெரியும். கொரோனாவில் ஊர் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லி, ஒரு பூமாலைப் படத்தைப் போனில் அனுப்பியிருந்தான். எழுபத்தைந்து மைல் தள்ளி இருந்த பிள்ளை அனுப்பிய அந்த மாலையை மூக்கையா முதலாளி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருந்தீங்க தம்பி" என்றார் இந்திராணி மிஸ். "பொட்டு வைக்கிற இடம், குங்குமம், வருசக் கணக்கு. வளத்த பெரியம்மாவ மட்டும் மறந்துட்டீங்க. உங்களுக்கும் அது தீட்டு வருசம்தானே?"

"கையெழுத்து அவரோடதுதானே!" சதீஸ் கத்தினான். "அத என்ன செய்யப் போறீங்க?"

"அவரோடதுதான். நான் இல்லங்கல. 2018 கடைசி வரைக்கும் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போனது நீங்கதானே? சாமான் பட்டியல அங்க போய் எழுதிக்கச் சொல்லி, வெத்துத் தாள்ல கீழ கையெழுத்துப் போட்டுக் குடுத்து விடுவாராம். சந்தியில எல்லாருக்கும் தெரியும். அதுல எத்தன தாள் மிச்சம் வச்சிருந்தீங்களோ, உங்களுக்குத்தான் தெரியும்."

கேதீசன் கோப்பை மூடினார். சதீஸின் பக்கம் தள்ளினார்.

"இதை நான் கோர்ட்டில போடமாட்டன். கொண்டு போம்."

"சேர், நான் உங்களுக்கு..."

"போட்டா நீர் உள்ளுக்கு, நான் வீட்டுக்கு. மச்சானிட்டயும் போய்ச் சொல்லும், சாட்சி சொல்ல வரவேண்டாமெண்டு." பிறகு மேசையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, எழுந்து வந்து, கலைச்செல்வியின் கையில் கொடுத்தார். "பிள்ளை, உங்கட சாசனத்தை உறுதிப்படுத்தச் சொல்லி இந்த மாதமே வழக்கைப் போடுங்கோ. நல்ல ஒரு ஆளை நான் சொல்லுறன்."

வெளியே மழை தூறலாகியிருந்தது. இந்திராணி மிஸ் காகிதங்களைப் பொலித்தீன் பையில் சுற்றுவதற்காகப் படியிலேயே நின்றார். கபூர் ஆட்டோவின் சீட்டைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"புள்ள, ஒண்ணு சொல்லணும். அண்ணைக்கு நொத்தாரிஸ் நன்கொடை உறுதியா எழுதச் சொன்னாரு. அப்படி எழுதியிருந்தா இவனால ஒண்ணும் புடுங்கியிருக்க ஏலாது. நான்தான் பகிடி விட்டுக் கெடுத்தேன்."

"டீக்கு விண்ணப்பம் போடுற கதைதானே?" கலைச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெரியும் நானா. அப்பா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. கை விழுந்ததுக்கப்புறம் நான் டீ குடுக்கும்போதெல்லாம், இடக்கையால எழுதுற மாதிரி காத்துல கிறுக்கிக் காட்டுவாரு. விண்ணப்பமாம். கடைசி வரைக்கும் அவரு என்னோட பேசினது அதுதான்."

கபூர் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். "சரி சரி. அடுத்த மாசம் விஜயதசமி வருதே, உன்னோட சாசனத்துக்கு ஒரு பெரிய பொட்டா வச்சு விடு. ஊரே பாக்கட்டும்."

அவள் தலையை ஆட்டினாள்.

"இந்த வருசம் பொட்டு இல்ல நானா. அப்பா செத்த வருசம்."

கபூர் அவள் ஏறும்வரை ஆட்டோவின் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.